பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஊர்: கேப் குடியேறி ஒருவரின் கொடிவழியைத் தேடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்பது பரவலான குடும்பப்பெயர். அந்தக் குடும்பத்தின் முதல்வராகக் கொடிவழி நூல்கள் காட்டும் கிறிஸ்டோஃபெல் ஸ்நைமன் 1669-இல் நன்னம்பிக்கை முனையில், அதாவது கேப்பில், ஞானஸ்நானம் பெற்றவர். தந்தை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய், பெயரிலேயே ஜெர்மானியர். தாயின் பெயர் டச்சுத் தாள்களில் "காத்தரீனா வான் பாலியாகட்டா" என்று வருகிறது. பாலியாகட்டா என்றால் நம் பழவேற்காடு. டச்சுக் குடியேறிகளின் குடும்ப வரலாற்றைத் தேடக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான குடும்பம் எனக்குத் தெரியவில்லை. கேப் ஆவணங்களில் இருக்கும் எல்லா வகைத் தாளும் இந்த ஒரே குடும்பத்துக்குத் தேவைப்படுகின்றன. எல்லா வகைத் தவறும் இதில் நடக்கக் காத்திருக்கின்றன.

பெரும்பாலோர் கப்பலிலிருந்து தொடங்குகிறார்கள். "எங்கள் முப்பாட்டன் 1600-களில் இன்ன கப்பலில் வந்தார்" என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கும்; உடனே பயணிகள் பட்டியலைத் தேடப் போவார்கள். கம்பெனிக் கப்பல்களில் ஆசியாவை நோக்கிப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய பயணங்கள் மட்டும் 4,700-க்கு மேல். அதில் யான் யான்ஸ் என்ற பெயரைத் தேடினால் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஒருவரை எடுத்துக்கொள்வீர்கள்; அதற்குமேல் நீங்கள் கட்டுவதெல்லாம் வேறொருவர் வீட்டு வரலாறு. ஆகவே வேலை இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உயிரோடிருப்பவரிடமிருந்து அவர் பெற்றோர், அவர்களிடமிருந்து அவர்களின் பெற்றோர் என்று பின்னோக்கிப் போகவேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தாள் சான்றாக இருக்கவேண்டும்.

1834-க்குப் பிறகு இறந்தவர்களுக்குக் கேப் நிர்வாகத்தில் இறப்பு அறிவிப்புப் படிவம் உண்டு. அது கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் எம்.ஓ.ஓ.சி. 6 என்ற வரிசையில் இருக்கிறது. முழுப்பெயர், பிறந்த இடம், பெற்றோர் பெயர், வயது, துணைவர், பிள்ளைகள், சொத்து உண்டா, உயில் உண்டா என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணத் தேடல் தளத்தில் காப்பகக் குறியீடாக கே.ஏ.பி. என்று கொடுத்து, குடும்பப்பெயரோடு ஆண்டு வரம்பையும் சேர்த்துத் தேடினால் கோப்பு எண் கிடைக்கும். தாளின் படம் பல சமயம் ஃபேமிலிசர்ச் தளத்திலேயே இலவசமாக உண்டு. இந்தப் படிவத்தின் குறை அதை நிரப்பியவரிடம் இருக்கிறது. இறந்தவர் முதியவராக இருந்தால் நிரப்புவது மருமகனோ பக்கத்துப் பண்ணைக்காரரோதான். பிள்ளைகளின் பெயர் சரியாக இருக்கும். பெற்றோர் பெயர் தவறாகவோ "தெரியாது" என்றோ இருக்கும். பிள்ளைகள் பகுதியை நம்புங்கள். பெற்றோர் பகுதியை இன்னொரு தாளோடு ஒப்பிடாமல் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அதற்கு முந்தைய காலத்துக்கு உயிர்நாடி வேஸ்காமர். டச்சு ஊர்கள் பலவற்றில் இருந்த, தாய் தந்தையை இழந்த பிள்ளைகளின் சொத்தைக் காக்கும் மன்றம் அது. கேப்பில் 1670-களிலிருந்து அதன் சொத்துப் பட்டியல்கள் எம்.ஓ.ஓ.சி. 8 வரிசையில் கிடைக்கின்றன. அவற்றை எழுத்துப்பெயர்ப்புச் செய்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். பட்டியலின் முதல் பத்தியில் இறந்தவர், துணைவர், வாரிசுகள், சிறுவர்களானால் வயது என்று வரிசையாக வரும். டச்சுச் சட்டத்தில் 25 வயதுவரை ஒருவர் சிறுவர்தான், திருமணம் ஆகியிருந்தாலொழிய. அதனால் "24 வயது மகன்" என்று படித்தால் எழுத்துப் பிழையோ என்று மிரள வேண்டாம்.

இந்தப் பட்டியல் சாவின்போது மட்டும் எழுதப்படுவதில்லை. பலர் தவறவிடுவது இதைத்தான். விதவையோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்ய வந்தால், முதல் திருமணத்துப் பிள்ளைகளின் பங்கு இவ்வளவு என்று கணக்குக் காட்டிய பிறகே திருமணம் நடக்கும். எனவே இறந்த தேதியை ஒட்டித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், துணைவரின் மறுமணத் தேதிக்கு முந்தைய சில மாதங்களைப் பாருங்கள். கிறிஸ்டோஃபெல் ஸ்நைமன் இளம் வயதிலேயே இறந்தார். அவர் மனைவி மார்கரீத் தெ சவோய் பிறகு ஹென்னிங் வில்லியோனை மணந்தார். இப்படிப்பட்ட இரண்டாம் திருமணங்களே பிள்ளைகளை வரிசைப்படுத்தித் தரும் தாள்களை உண்டாக்குகின்றன. அங்கும் இல்லையென்றால் உயிலைத் தேடவேண்டும். வசதியானவர்கள் தங்கள் உயிலில் வேஸ்காமர் தலையிடக்கூடாது என்று ஒரு வாசகம் சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்த்தால் பட்டியல் அங்கே போகாது. பெரிய பண்ணைக்காரருக்குப் பட்டியல் இல்லாமல், அவர் பக்கத்து ஏழைக்கு மட்டும் இருப்பதற்கு இதுதான் காரணம். உயில்கள் எம்.ஓ.ஓ.சி. 7-இலும், நீதி மன்றத்தின் சி.ஜே. வரிசையிலும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் பார்க்கவேண்டும்.

பட்டியலில் வரும் பணத்தைப் படிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேப்பில் ஒரு ரிக்ஸ்டாலர் 48 ஸ்டைவர், ஒரு கேப் கில்டர் 16 ஸ்டைவர். ஆக 3 கேப் கில்டர் சேர்ந்தால் ஒரு ரிக்ஸ்டாலர். நெதர்லாந்தில் ஒரு கில்டர் 20 ஸ்டைவர். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் ஒரு குடும்பத்தின் சொத்தை நான்கில் ஒரு பங்கு கூட்டி எழுதிவிடுவீர்கள். அதே பட்டியலில் கட்டிலுக்கும் செம்புப் பானைக்கும் அருகில் மனிதர்களின் பெயரும் விலையும் இருக்கும். அந்த வரிகளை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் கொடிவழியின் மறுபாதி பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

தேவாலயப் பதிவேடு இதற்கு அடுத்த தூண். கேப்புக்கு நிலையான போதகர் வந்தது 1665-இல். ஞானஸ்நானப் பதிவேடும் அப்போதிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்தைய பிறப்பும் திருமணமும் தளபதி யான் வான் ரீபேக்கின் நாட்குறிப்பிலும் வழியில் நங்கூரமிட்ட கப்பல்களின் போதகர்கள் செய்த சடங்குகளிலும் உதிரியாகக் கிடக்கின்றன. மற்றச் சபைகள் தொடங்கிய ஆண்டுகள்: ஸ்டெல்லன்போஸ் 1686, டிராக்கன்ஸ்டைன் 1691, ரோடெசாண்ட் 1743, ஸ்வார்ட்லாண்ட் 1745. இந்த ஆண்டுகள் முக்கியம். 1740-க்கு முன் வடக்கே பண்ணை வைத்திருந்தவர் பிள்ளையை டிராக்கன்ஸ்டைனுக்கோ கேப் டவுனுக்கோ மாட்டுவண்டியில் கொண்டுபோயிருப்பார். பல நாள் பயணம் என்பதால் மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே நாளில் சடங்கு நடந்திருக்கும். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதினால் ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்ததாக ஆக்கிவிடுவீர்கள்.

பதிவில் பிள்ளை, தந்தை, தாய், சாட்சிகள் என்று வரும். சாட்சிகளை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது. அவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டியோ தாய்மாமனோ பெரியம்மாவோதான். டச்சுக்காரர்களுக்கும் நம்மைப்போல் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உறுதியாக உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். ஒரு பிள்ளை இறந்தால் அடுத்து பிறப்பதற்கு அதே பெயரை வைப்பார்கள். ஆகவே ஒரே பெற்றோருக்கு இரண்டு "யாக்கோபுஸ்" இருந்தால் முதலாமவன் இறந்துவிட்டான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெயர் வழக்கம் நல்ல துப்பு. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு கண்ணியை இணைக்கக்கூடாது. டச்சுப் பதிவேடுகள் செய்யும் பெரிய உதவி ஒன்று உண்டு: திருமணமான பெண்ணும் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்படுவார். ஆங்கிலேயர் வந்தபிறகு இந்த வசதி குறைந்துபோனது.

எழுத்தைப் படிக்கச் சில நாள் பழக வேண்டும். 7பெர், 8பெர், 9பெர், 10பெர் என்று மாதம் எழுதியிருந்தால் அவை செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஜூலை முதல் அக்டோபர்வரை என்று படித்தால் தம்பி அண்ணனுக்கு முன்பே பிறந்துவிடுவான். "ஜே.எம்." என்றால் மணமாகாத ஆண், "ஜே.டி." என்றால் மணமாகாத பெண். யான்ஸ் என்பது யான் மகன் என்பதன் சுருக்கம். அது குடும்பப்பெயர் அல்ல. அவன் பிள்ளைகளுக்கு அது தொடராது. நாட்காட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. டச்சு மாகாணங்களில் ஹாலந்தும் சேலாந்தும் 1582, 1583 காலத்திலேயே புதிய கணக்கான கிரிகோரியன் நாட்காட்டிக்கு வந்துவிட்டன. கெல்டர்லாந்தும் யூட்ரெக்ட்டும், ஜெர்மனியின் புரட்டஸ்தாந்து நாடுகளும் 1700-இல்தான் மாறின. அதனால் 17-ஆம் நூற்றாண்டில் ஒரே நிகழ்வுக்கு இரண்டு ஊர்களில் 10 நாள் வித்தியாசம் தெரியும்.

ஆண்டுதோறும் எடுத்த ஓப்காஃப் என்னும் வரிக்கணக்கு பலருக்கு வறண்ட தாளாகத் தோன்றும். எனக்கு அது மிகவும் பிடித்த ஆவணம். கணவன், மனைவி, மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை, வேலையாட்கள், அடிமைகள், குதிரை, மாடு, ஆடு, திராட்சைக் கொடிகள், விதைத்த கோதுமை, அறுத்த கோதுமை, துப்பாக்கி, வாள் என்று எண்கள் மட்டும் இருக்கும். பிள்ளைகளின் பெயர் இருக்காது. ஆனால் ஒரே குடும்பத்தின் வரியை 10, 15 ஆண்டுகளுக்கு அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஓர் ஆண்டில் மகன்களின் எண்ணிக்கை ஒன்று குறையும். அதே ஆண்டோ அடுத்த ஆண்டோ அதே குடும்பப்பெயரில் புதிய வரி ஒன்று முளைக்கும். தனிக்குடித்தனம் போனவன் யார் என்று அப்படிப் பிடிக்கலாம். கணவன் பெயர் மறைந்து மனைவி பெயர் "விதவை" என்று வந்தால் இறந்த ஆண்டும் அகப்பட்டுவிடும். கால்நடை எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். வரிக்கணக்கு என்பதால் குறைத்துச் சொன்னார்கள்.

கண்டதைக் குறித்துவைக்கக் கேப்புக்கென்றே ஒரு முறை உண்டு. தெ வில்லியர்ஸ் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்து, பின்னர் பாமா என்பவர் திருத்தி விரித்த கொடிவழித் தொகுப்பிலிருந்து வந்தது அது. முதல்வர் ஏ, அவர் பிள்ளைகள் பி1, பி2, பேரப்பிள்ளைகள் சி1, சி2. பி2சி5டி1 என்றால் முதல்வரின் இரண்டாம் பிள்ளைக்கு ஐந்தாவதாகப் பிறந்தவரின் முதல் பிள்ளை. ஒரே பெயரில் எட்டுப்பேர் இருக்கும் குடும்பங்களில் இந்த எண் இல்லாமல் பேசவே முடியாது. ஆனால் அச்சான தொகுப்பைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. அது எங்கே தேடலாம் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. பழைய தொகுப்புகள் ஆண்வழியை மட்டும் பின்தொடர்ந்தன. அடிமைத் தாய்மார்களைப் பலமுறை வெறும் முதற்பெயரோடு விட்டுவிட்டன. ஹீஸ் என்ற ஆய்வாளர் 1971-இல் வெளியிட்ட கணக்கு, ஆஃப்ரிக்கானர் எனப்படும் கேப் ஐரோப்பியக் குடியேறிகளின் வம்சத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் ஐரோப்பியரல்லாதவரிடமிருந்து வந்தது என்று காட்டியது. நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த நாட்டில் அப்படி ஒரு எண்ணை அச்சேற்றுவது சிறிய காரியமல்ல.

இப்போது ஐரோப்பியப் பக்கம். கம்பெனி ஊழியராக 1700-க்குப் பிறகு வந்தவரானால் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கப்பல் சம்பளப் பேரேடுகள் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், பணி முடிந்த தேதி, முடிந்த காரணம் எல்லாம் அதில் இருக்கும். காரணம் "குடிமகனானார்" என்றிருந்தால் அவர் கேப்பிலோ வேறெங்கோ இறங்கித் தங்கிவிட்டார் என்று பொருள். தேடல் முடிவோடு நின்றுவிடாமல் பேரேட்டுப் பக்கத்தின் படத்தையும் திறந்து பாருங்கள். சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் சம்பளம். அதில் ஆண்டுக்கு அதிகபட்சம் 3 மாதச் சம்பளத்தை ஊரிலிருக்கும் மனைவிக்கோ பெற்றோருக்கோ பிள்ளைக்கோ கொடுக்கச் சொல்லி மாதச்சீட்டு எழுதித் தரலாம். பணம் வாங்கியவர் பெயர் பற்றுவரவில் இருக்கும். கேப் முதல்வரை ஐரோப்பாவிலுள்ள ஓர் அம்மாவோடு இணைக்கும் ஒரே தாள் சில குடும்பங்களுக்கு இதுதான். ஊழியரின் சம்பளத்திலிருந்து வசூலிக்கக் கடன்சீட்டு வைத்திருந்தவரை உறவினர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் கப்பல் கிளம்பும்வரை சோறும் படுக்கையும் கொடுத்த விடுதிக்காரர்.

17-ஆம் நூற்றாண்டுக்கு இந்தப் பேரேடுகள் மிகக் குறைவு. கிறிஸ்டோஃபெலின் தந்தை ஹான்ஸ் கிறிஸ்டோஃபெல் அந்த இருட்டில் இருப்பவர். காவற்பணியில் தவறியதற்காகத் தண்டனை பெற்று ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டவர் என்பது நீதிமன்றத் தாளால் தெரிகிறது. ஜெர்மன் ஊர்ப்பெயர்களை டச்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கிராமத்துக்குப் பதிலாகப் பக்கத்துப் பெருநகரைச் சொல்வதும் வழக்கம். மார்கரீத்தின் பக்கம் வெளிச்சம் அதிகம். அவர் தந்தை ஜாக் தெ சவோய், இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆத் நகரத்தவர். 1688-இல் ஊஸ்டர்லாண்ட் கப்பலில் வந்த ஹியூகனோ, அதாவது பிரெஞ்சு பேசும் புரட்டஸ்தாந்து அகதி. பிரெஞ்சு பேசும் வாலூன் சபைகளின் பதிவுகளை அட்டைகளாகத் தொகுத்திருக்கிறார்கள். ஹியூகனோக்களுக்கு அங்கேதான் முதலில் போகவேண்டும். பெயர் உருமாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வில்லியோன் பிற்பாடு வில்யூன் ஆனது, லெ கிளெர்க் தெ கிளெர்க் ஆனது, குரோனியே குரோன்யே ஆனது.

இனிக் காத்தரீனா. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்தவர். 1656-இல் தன் காதலரான மலபார்க்கார கிளாஸைக் கொன்ற வழக்கில் அவருக்கு மரணதண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள் நாடுகடத்தலாகக் குறைத்து 1657-இல் கேப்புக்கு அனுப்பினார்கள். கம்பெனி தன் ஊழியரில் முதல் 9 பேரைச் சுதந்திரக் குடிமக்களாக்கி நிலம் கொடுத்ததும் அதே 1657-இல்தான். கேப்பில் அவருக்கு "பெரிய காத்ரைன்" என்று பெயர். பின்னர் மன்னிப்புக் கிடைத்து 1671-இல் வங்காளத்து அந்தோனி யான்ஸ் என்ற சுதந்திரக் கறுப்பரை மணந்தார். இந்த வாழ்க்கையைத் தேவாலயப் பதிவேட்டில் மட்டும் தேடியிருந்தால் இரண்டு மூன்று வரிகள்தான் மிஞ்சும். குற்றவழக்குத் தாள்களும் நாட்குறிப்பும் விடுதலைப் பத்திரங்களுமே அவரைக் காட்டுகின்றன. அடிமைகளுக்குச் சட்டப்படியான திருமணம் கேப்பில் 1823 வரை கிடையாது. எனவே திருமணப் பதிவு இல்லை என்பதை வைத்து உறவு இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. அடிமைப் பெண்ணின் தாள் அவரை விற்றபோதும் வாங்கியபோதும் விடுவித்தபோதும் வழக்கு நடந்தபோதும்தான் எழுதப்பட்டது.

பெயருக்குப் பின்னால் வரும் ஊரை எழுத்தெழுத்தாகக் கவனிக்கவேண்டும். "வான் டெ காப்" என்றால் கேப்பிலேயே பிறந்தவர். "வான் டெ குஸ்ட்" என்றால் சோழமண்டலக் கரை. வங்காளம், மலபார், இலங்கை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று பல உண்டு. அதே காலத்துக் கேப்பில் இன்னொரு காத்தரீனாவும் இருந்தார்: 1656-இல் மிடில்பர்க்கைச் சேர்ந்த யான் வௌட்டர்ஸை மணந்த வங்காளத்துக் காத்தரீனா. முதற்பெயரை மட்டும் பார்த்து இருவரையும் ஒருவராக்கினால் ஒரு குடும்பத்தின் வேர் கடலின் வேறொரு கரைக்குப் போய்விடும். கைமாறும்போது எழுத்தர் ஊரை மாற்றி எழுதுவதும் உண்டு. ஒருவரைப் பற்றிய எல்லாத் தாள்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, உரிமையாளர் பெயர் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

மரபணுச் சோதனையில் இந்தக் குடும்பத்தார் பலர் ஏமாறுகிறார்கள். தாய்வழிச் சோதனை தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று மட்டுமே தொடரும் பகுதியைப் பார்க்கிறது. காத்தரீனாவிடமிருந்து ஸ்நைமன் குடும்பம் வருவது மகன் வழியாக. அந்தத் தடம் கிறிஸ்டோஃபெலோடு முடிந்துவிட்டது. முழு மரபணுச் சோதனையில் 12 தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் சராசரிப் பங்கு 4,096-இல் ஒன்று. ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். "இந்தியா 0 சதவீதம்" என்று முடிவு வந்தால் அது காத்தரீனாவை மறுக்காது. அதே காலத்தில் கேப்புக்கு அடிமையாக வந்த வங்காளத்து ஆஞ்சலாவின் வழி வேறு. அவர் மகள் அன்னா தெ கோனிங் சுவீடன்காரத் தளபதி ஒலோஃப் பெர்க்கை மணந்தார். மகள்வழியாக வந்தவர்களிடம் அந்தத் தடத்தைச் சோதிக்க முடியும்.

கடைசியாகப் பழவேற்காடு. கம்பெனியின் கெல்டிரியா கோட்டை அங்கே இருந்தது. சோழமண்டலத் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அதுவே. அங்கிருந்து பத்தாவியாவுக்கு ஆட்கள் ஏற்றப்பட்டார்கள், பஞ்ச காலங்களில் மிக அதிகமாக. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பகுதி கொச்சியைப் பற்றியவை. கெல்டிரியாவிலிருந்து எழுதிய கடிதங்களும் கணக்குகளும் ஹேக்கில் கம்பெனியின் தொகுப்பில், 1.04.02 என்ற எண்ணில் கிடக்கின்றன. அவற்றில் கப்பலேற்றப்பட்டவர்கள் இத்தனை தலை என்று எண்ணாகத்தான் வருகிறார்கள், பெயராக அல்ல. துறைமுகத்தின் பெயர் பிறந்த ஊராகவும் இருக்கலாம், ஏற்றிய இடமாகவும் இருக்கலாம். உள்நாட்டுத் தமிழ், தெலுங்கு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அந்தத் துறையிலிருந்தே போனார்கள். ஆகவே கொடிவழித் தாளில் அவருக்கான கட்டத்தில் இப்படி எழுதுங்கள்: "காத்தரீனா, பெரிய காத்ரைன் எனவும் அழைக்கப்பட்டவர், ஊர்: பழவேற்காடு, டச்சுத் தாள்களின்படி, பத்தாவியாவில் அடிமை, கேப்புக்கு வந்தது 1657, மணம் 1671, மகன் கிறிஸ்டோஃபெல், ஞானஸ்நானம் 1669." தாய், தந்தை, மொழி என்னும் மூன்று கட்டங்களையும் வெறுமையாக விடுங்கள்.